மலை இறங்கிய மறுநாள்



கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு அப்பால், பளியங்குடி என்னும் சிற்றூர் இருக்கிறது. சித்திரைத் திங்கள் முழுநிலா நாளில் அவ்வூர் வழியாக மக்கள் திரள் திரளாக மலையேறுகின்றனர். எல்லைமலையின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோவில் உள்ளது. ஆண்டில் அந்த ஒரு நாள்தான் வழிபாட்டுக்கு வழி திறக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. வலியோ, பெரும்பாலும் இறங்கிய மறுநாள்தான் வருகிறது. தொடை கடுக்கிறது; கெண்டைக்கால் இறுகுகிறது; வாசற்படியில் இறங்குவதே பெரும்பாடாகிறது.

இவ்வலியின் இயல்பை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப். 1902-ஆம் ஆண்டிலேயே அவர், பழகாத வேலையால் தசையின் உள்ளே நுண்ணிய சிதைவு நேர்வதே காரணம் என்று கருதினார். உடலில் அமிலம் தேங்குவதால் இவ்வலி வருகிறது என்று பலர் இன்றும் நம்புகின்றனர். அது பொருந்தாது. அந்த அமிலம் சிறிது நேரத்தில் நீங்கிவிடுகிறது. வலியோ ஒருநாள் கழித்து வந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் அடைகிறது. மேலும், ஏறுவதைவிட இறங்குவதே மிகுந்த வலியைத் தருகிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுருங்கி உழைப்பதைக் காட்டிலும் நீண்டு உழைப்பது தசைக்குக் கடினம். ஒரு வாரத்திற்குள் தசை தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்கிறது; அடுத்த முறை அவ்வளவு வலிப்பதில்லை.

இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால், மலையேறி வந்த பாட்டனார் கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்பவர் என்று கொள்வோம். அம்மாத்திரையால் தசைவலி வரும் என்று அவர் எங்கோ கேட்டிருக்கிறார். இப்போது காலைக் குற்றம் சொல்வதா, மலையைக் குற்றம் சொல்வதா, மாத்திரையைக் குற்றம் சொல்வதா? பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அங்கேதான் இடர் தொடங்குகிறது.

அம்மருந்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973-இல் ஒரு பூசணத்திலிருந்து முதல் ஸ்டாட்டின் பொருளைக் கண்டார். கல்லீரல் கொலஸ்டிராலை உண்டாக்கும் வேலையில் ஒரு நொதியின் கையைக் கட்டிப்போடுவதே அதன் தொழில். அவ்வகை மருந்து ஒன்று 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரத்தத்திலுள்ள தீய கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறையுமானால், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருந்தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளின் முடிவு.

ஆயினும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து, தசையணுக்களைப் பெருமளவில் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரிழப்புகளுக்குக் காரணமானதால், 2001-ஆம் ஆண்டு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று வழக்கிலுள்ள ஸ்டாட்டின்களால் அத்தகைய சிதைவு நேர்வது மிக அரிது.

அப்படியானால், அன்றாடம் கேட்கும் வலிகளுள் எத்தனை மாத்திரையால் வருபவை? 2020-இல் இலண்டன் ஆய்வாளர்கள் ஒரு நுட்பமான சோதனையின் முடிவை வெளியிட்டனர். பக்க விளைவு வந்ததென்று ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேர் அதில் கலந்துகொண்டனர். சில மாதங்கள் மருந்து. சில மாதங்கள் மருந்தற்ற வெற்று மாத்திரை. சில மாதங்கள் ஒன்றும் இல்லை. எந்த மாத்திரை மருந்துள்ளது என்பது அவர்களுக்குத் தெரியாது. மருந்து உண்டபோது தோன்றிய தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையை உண்டபோதும் தோன்றியது! 2022-இல் வெளிவந்த மற்றொரு பேராய்வு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்தது. மருந்து உண்டோரில் 27.1 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டோரில் 26.6 விழுக்காட்டினரும் தசைத் தொல்லை சொல்லியிருந்தனர்.

இதனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்பது பொருளன்று. வலி மெய்யானது, காரணம்தான் வேறு. முதுமை, உழைப்பு, அச்சம் ஆகியவையும் வலியைத் தரும். அந்தச் சிறு வேறுபாட்டுக்குள் மெய்யாகவே மருந்தால் துன்புறுவோரும் உள்ளனர் என்பதையும் மறக்கலாகாது.

எப்படிப் பிரித்தறிவது? உழைத்த தசையில் மட்டும் வந்து, ஒரு வாரத்திற்குள் தணிவது பெரும்பாலும் உழைப்பின் வலி. மருந்தைத் தொடங்கிய அல்லது அளவை உயர்த்திய சில வாரங்களில், இரு தொடைகளிலும் அல்லது இரு தோள்களிலும் ஒருசேர வந்து தணியாமல் நீடிப்பது ஐயத்துக்குரியது. மருத்துவர் இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்னும் பொருளை அளந்து பார்ப்பார். கடும் உழைப்பே அப்பொருளை உயர்த்திவிடுமாதலால், மலையேறி வந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும். தாங்கவொண்ணா வலி, மிகுந்த தளர்ச்சி, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகிய குறிகள் தோன்றினால், ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்பள்ளத்தாக்கினர் அறியவேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. சில ஸ்டாட்டின்களை உண்போர் கிரேப்ஃபுரூட் என்ற பழத்தை விலக்கவேண்டும் என்பது மருத்துவ விதி. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது திராட்சை என்றாகிவிடும்! அது பெயரில்தான் திராட்சை. இனத்தில் நாரத்தைக்கும் ஆரஞ்சுக்கும் உறவு. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடுகிறது. அதன் தாய்ப்பழங்களுள் ஒன்றாகிய பம்பளிமாஸிலும் அத்தன்மை இருக்கக்கூடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின்மீது இப்பழி சேராது. சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் இவ்வாறே மருந்தின் அளவை ஏற்றும். ஆகவே, புதிய மருந்து எழுதும் மருத்துவரிடம் பழைய மருந்துச் சீட்டையும் காட்டுவது நலம்.

மாத்திரை உண்போர் நடக்கக்கூடாது என்று எண்ணவேண்டா. உடற்பயிற்சியும் மருந்தும் இதயத்துக்கு இரு துணைகள். ஆண்டெல்லாம் அமர்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் மலையை வெல்ல முனைவதுதான் தவறு. பல வாரங்களுக்கு முன்பே வயல்வரப்பிலோ ஆற்றங்கரையிலோ நடந்து பழகித் தசையை ஆயத்தம் செய்யலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டு முதியவர் மாத்திரையை ஒதுக்கிவைப்பதைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். வலி எப்போது வந்தது, எங்கே வந்தது, அதற்கு முன் என்ன செய்தார் என்று அன்போடு கேளுங்கள். விடைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். மருந்தை மாற்றவும், அளவைக் குறைக்கவும், வேறு வகை தரவும் அவருக்கு வழிகள் உண்டு. ஒன்றன்பின் ஒன்று வந்ததனாலேயே முன்னது காரணம் ஆகிவிடாது; காரணம் அன்று என்று ஆராயாமல் தள்ளிவிடவும் கூடாது. வகுப்பறையில் கற்கும் இந்த அறிவியல் முறை, வீட்டில் ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.