உச்சிக்குழி மூடறதுக்குள்ள

மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிற தாய்மார்களே, ஒடுகத்தூர்ப் பெரியவங்களே! எலும்பு வளர்றதைப் பத்திப் பேசுங்கன்னு சொல்லி, 15 நிமிஷம்னு சீட்டும் கொடுத்தாங்க. சீட்டை மடிச்சுப் பையில வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க தலைவரே!

நம்ம வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையிலேயே ஆரம்பிக்கிறேன். இளங்குட்டிக் காலைச் சூப்பு வச்சுப் பாருங்க. வெந்ததும் எலும்போட முனை குமிழ் மாதிரி தனியாக் கழண்டு வரும். முத்தின கிடாயில எத்தனை விசில் விட்டாலும் கழலாது. ஏன்? குட்டிக்கு அந்த இடத்துல இருக்கிறது எலும்பு இல்ல, குருத்து. அந்தக் குருத்து அடுக்கடுக்காப் பெருகி முனையை முன்னாடி தள்ளுது. பின்னாடி விட்டதுல சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகுது. உங்க பிள்ளை முழங்கால்ல இந்த நிமிஷம் நடக்கிறது அந்த வேலைதான்.

கர்ப்பத்துல 2-ஆம் மாசமே காறை எலும்பு இறுக ஆரம்பிச்சுடுது. பிறக்கும்போது 300-க்குப் பக்கம் இருக்கிற எலும்பு, வளர்ந்த ஆளுக்கு 206. மீதி தொலைஞ்சு போகல, ஒண்ணோட ஒண்ணு கூடிடுச்சு. கைக்குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற பாட்டிகளே, உச்சிக்குழி உங்க விரலுக்கடியில துடிக்குமே, ஞாபகம் இருக்கா? 2 வயசுக்குள்ள மூடிக்கும்.

மலையில ஒரு அங்கன்வாடி அம்மா இருந்தாங்க. பேரைச் சொன்னாத் திட்டுவாங்க. மரக்கிளையில தராசைத் தொங்கவிட்டு, அழுவுற பிள்ளையை அதுல உட்கார வச்சு, கேவுருக் கூழை ஊட்டுவாங்க. 100 கிராம் கேவுருல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். பட்டை தீட்டின அரிசியில 10-ஐத் தாண்டினா அதிகம்! கூழ் ஊட்டிட்டு, வெயில்ல ஓடுங்கடான்னு விரட்டுவாங்க. வெயில்பட்டா உடம்புல வைட்டமின் டி ஊறும். அது இல்லாம, சாப்பிட்ட கால்சியம் உடம்புல சரியா ஒட்டாது.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருது. டிவியில வந்து, உயரம் வளர மாவுன்னு டப்பா விக்கிறாங்களே! பொண்ணுங்களுக்கு 15, பசங்களுக்கு 17 வயசு வாக்குல குருத்து எலும்பாகி மூடிடும். மூடின பிறகு எந்த டப்பாவும் ஒரு விரக்கடை உயர்த்தாது. கைதட்டறீங்க, ஆனா நாளைக்கும் அதை வாங்குவீங்க!

இன்னொரு கூட்டம், தேர்தலுக்குத் தேர்தல் மலைக்கு ரோடுன்னு சொல்ற கூட்டம். என் சித்தப்பா பிள்ளைக்குக் கால் வில்லா வளைஞ்சப்போ, டோலி கட்டித்தான் இறக்கினோம். இன்னும் சீக்கிரமாக் கொண்டு வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. எந்த ரோட்டுல, ஐயா? எந்த ரோட்டுல?

கால் ஏன் வளைஞ்சதுன்னு கேக்கறீங்களா? பேரணாம்பட்டுல பதனிடற தோலும், எலும்புக்குள்ள ஓடற நாரும் ஒரே கொலாஜன்தான். அது மூணு இழை முறுக்கின கயிறுன்னு 1954-ல நேச்சர் இதழ்ல எழுதினவங்க சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம்ம மண்ணுல கண்டுபிடிச்சது! அந்தக் கயிறுல சுண்ணாம்பு ஏறாமப் போனதாலதான் என் தம்பி கால் வளைஞ்சது.

அந்த அங்கன்வாடி அம்மா அன்னைக்கு டோலி பின்னாடியே அடிவாரம் வரைக்கும் நடந்து வந்தாங்க. இன்னைக்கும் வந்திருக்காங்க. அதோ, மூணாவது வரிசை, பச்சைச் சேலை. எழுந்திருக்க வேணாம்மா, மலை ஏறி ஏறி உங்க முட்டி தேஞ்சிருக்கு. நீங்க உட்காருங்க. நாங்க எழுந்து நிக்கிறோம்.