திரும்பி வர முடியாத நோயாளி



ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய், சளியும் காய்ச்சலுமாக இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்பித் தோட்டத்தில் அன்றைய கூலி போயிற்று. மருத்துவர் சட்டையைத் தூக்கி விலா உள்வாங்குகிறதா என்று பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். நிமோனியாவுக்கான அறிகுறி இல்லை. குழந்தை பாலும் குடிக்கிறது. பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. "இரண்டு நாள் பார்த்துவிட்டு வாம்மா" என்று அனுப்புவதே சரி. ஆனால் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாயால் வர முடியுமா? இடையில் நோய் முற்றிவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று மருத்துவர் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை எழுதிவிடுகிறார்.

இப்படி எழுதுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் நெருக்கடி உண்டு. "பவரான மருந்தா கொடுங்க" என்ற நோயாளிகளின் கெஞ்சல் உண்டு. எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். என்றாலும் மலையில் முதற்காரணம், நோயாளி திரும்பி வர முடியாதே என்ற இந்த அச்சம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த சிரப் சளியைக் குறைக்காது. குடலில் வாழும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு மடிபவை மடிய, மடியாதவை பெருகும். எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாகி 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரைக் கொன்றன என்பது லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கு.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' இந்தச் சிக்கலை நிதானமாகப் பார்த்தது. டாக்டர் அப்துல் கஃபூர் அதை முன்னின்று நடத்தினார். மருத்துவரே இல்லாத ஊர்களில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் சீட்டில்லாமல் விற்பதை ஒரேயடியாகத் தடுத்தால் ஏழைகள் சாவார்கள் என்பதால், படிப்படியான கட்டுப்பாடு கேட்டது. அதன் பின், 2014 மார்ச் 1 முதல் மருந்து விற்பனை விதிகளில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது கடையைத்தான் பார்க்கிறது. அந்தத் தாயின் இரண்டாவது வருகையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பொறுப்பு யாருடையது? சீட்டில் கையெழுத்திடும் மருத்துவருக்கு முதல் பொறுப்பு. அதை யார் மீதும் தள்ள முடியாது. அவரை அந்த அச்சத்தோடு தனியே விட்ட அரசுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் அதைவிடப் பெரிய பொறுப்பு. தொழிலாளருக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடமும் ஏற்காட்டுப் பெரியோர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். மருந்தில்லாமல் அனுப்பப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் மூன்றாம் நாள் கிராம செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டும். போக வர வண்டியை அரசு கொடுக்கட்டும். அவர் போனில் கூப்பிட்டால் மருத்துவர் எடுக்கட்டும். சேர்வராயன் மலையில் இந்த ஆண்டே இதைத் தொடங்குங்கள்.