பழ ஓவியமும் ரங்கையாவும்



ரொகோகோ காலப் பழ ஓவியங்களுக்கு ராயப்பேட்டையில் என்ன கருத்தரங்கு என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். பாரிஸில் நடத்த நம்மிடம் காசில்லை என்பது ஒரு பதில். உண்மையான பதில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கதீட்ரல் சாலையில் இருக்கிறது.

முதலில் பாரிஸையே பார்த்துவிடுவோம். பிரெஞ்சு ஓவியர் ஷார்தானின் 'காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை' அங்கே 1761 சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கோபுரமாய்க் குவிந்த சிவப்புப் பழங்கள், ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், ஒரு பீச், இரண்டு செர்ரி. ரொகோகோவின் மினுக்கெல்லாம் அதில் இல்லை. 1728இல் அரச ஓவியக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, 'விலங்கும் பழமும் வரைபவர்' என்றுதான் பதிந்தது. புராண, சரித்திரக் காட்சிகளை வரைபவர்களுக்கே அங்கே முதல் பந்தி; பழம் வரைபவருக்குக் கடைசிப் பந்தி. அந்தக் கூடையைத்தான் 2024இல் லூவர் அருங்காட்சியகம் இரண்டு கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இனி கதீட்ரல் சாலை. அங்கே இருக்கும், 1835இல் உருவான வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தொடக்க காலத்தில் முனைப்பாக இருந்தவர் ராபர்ட் வைட். கும்பெனி மருத்துவர், தாவரவியலர். அவருக்காக முதலில் ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் செடிகொடிகளை வரைந்தார்கள். வைட்டின் 'ஐகோன்ஸ்' தொகுதிகள் 1838 முதல் 1853 வரை மதராஸில் வெளிவந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள்.

அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேசை இல்லை, கூடை இல்லை, நிழல்கூட இல்லை. வெள்ளைத் தாளில் ஒரு கிளை. இலையின் முன்பக்கம் ஒன்று, திரும்பிய பின்பக்கம் ஒன்று. கீழே குறுக்கே அரிந்த காய், அதற்குள் விதை அமர்ந்திருக்கும் அறைகள். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயர். ஷார்தான் பழத்தின் தோலில் ஒளியைத் தேடினார். ரங்கையாவோ பழத்தை அரிந்தே பார்த்தார். இருவரிடமும் இருப்பது ஒரே பொறுமைதான் என்பது என் கட்சி. 'விஞ்ஞானப் படம்' என்று சொல்லி இவரை ஒதுக்குவது, அந்தப் பாரிஸ் கழகத்தின் பந்தி விசாரணையை நாமும் செய்வதாகும்.

வைட்டுக்கு இருந்த மரியாதை நமக்கு இருந்ததா? அவர் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். நம் பாடநூல்களோ மதராஸ் நவீன ஓவியத்தை, டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் ஓவியப் பள்ளி தொடங்கியதிலிருந்துதான் எண்ணுகின்றன. அந்தப் பள்ளி வருமுன்பே ரங்கையா தம் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டார்.

மூலப் படங்களில் பல இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் நகல்களைப் பெற்று, தாவரவியல் துறையும் ஓவியக் கல்லூரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ரங்கையாவும் கோவிந்துவும் ஓவிய வரலாற்றுப் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். இதை நிறைவு அமர்வில் தீர்மானமாகவே இயற்றித் தருமாறு இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.