கட்டணமில்லாக் காட்சிகள்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நாம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குச் சென்று திரும்புகிறோம். டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வண்டி மாறுகிறோம். ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே சில சமயம் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. சில சமயம் அரை நாளே கிடைக்கிறது. அந்த நேரத்தை எவ்வாறு கழிக்கிறோம்? மூட்டை முடிச்சுக்களைச் சுற்றி அமர்ந்து, குழந்தைகளை அதட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கிறோம். யாரேனும் வெளியே போகலாம் என்று சொன்னால், "ஊரைச் சுற்றிப் பார்க்கப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டு அந்த ஆசையை அடக்கிவிடுகிறோம். அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் டெல்லியில் இராமகிருஷ்ணபுரத்தில் பல ஆண்டுகள் வசித்தவன். அங்கே குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலுக்குக் கிருத்திகைதோறும் செல்வது என் வழக்கம். அதற்குச் சற்றுத் தொலைவில், குடியிருப்புக்களின் நடுவே, குவிமாடங்களோடு கூடிய பழைய கட்டடங்கள் சில நிற்கின்றன. பேருந்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைக் கடந்து செல்வேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

ஒரு கோடையில் என் தந்தையார் ஊரிலிருந்து வந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்த விவசாயி. முதல் நாள் மாலையே அந்தக் குவிமாடங்களைக் காட்டி, "தம்பி, இவை யார் கட்டியவை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ஏதோ பழைய கல்லறை அப்பா, அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை" என்றேன். "உள்ளே விடுவார்களா?" என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. பத்து நாட்களில் அவர் ஊர் திரும்பினார். மறுமுறை டெல்லிக்கு வரவில்லை. அவர் காலமான பின்னரே நான் அங்கே உள்ளே சென்றேன். அவை லோதி மன்னர் காலத்துக் கல்லறைகள் என்றும், அருகிலேயே அக்காலத்துப் படிக்கிணறு ஒன்று உள்ளதென்றும் அப்போதுதான் அறிந்தேன். கட்டணம் ஏதும் இல்லை, தடுப்பாரும் இல்லை. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான்.

என் அறியாமை எனக்கு மட்டும் உரியதன்று என்று நினைக்கிறேன். மைய அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை நாடு முழுவதிலும் 3,600க்கு மேற்பட்ட சின்னங்களைப் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்கள் 150க்கும் குறைவு. அதாவது நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. தாஜ்மகால், செங்கோட்டை, குதுப்மினார் போன்ற புகழ் பெற்றவை அந்த ஐந்துக்குள் அடங்குவதால், எல்லாவற்றிற்கும் கட்டணம் உண்டு என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது.

டெல்லியில் அரை நாள் கிடைத்தால் என்ன செய்யலாம்? பெட்டிகளை நிலையத்துக் கிளோக் ரூமில் ஒப்படைத்துவிட்டு முதலில் லோதி தோட்டத்திற்குச் செல்லலாம். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட முகம்மது ஷாவின் கல்லறையும், 1517இல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும் அங்கே உள்ளன. இரண்டும் எட்டுப் பட்டையாக அமைந்தவை. முன்னதன் கட்டட அமைப்பு பின்னதில் எவ்வாறு தொடர்கிறது, எங்கே மாறுகிறது என்பதைப் பிள்ளைகளே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். அங்கே ஒரு காலத்தில் கைர்ப்பூர் என்ற சிற்றூர் இருந்தது. 1936இல் அவ்வூர் மக்களை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டே இந்தத் தோட்டத்தை அமைத்தனர். புல்வெளியில் அமரும்போது அந்த மக்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து காந்தி ஸ்மிருதிக்குச் செல்லலாம். அண்ணல் காந்தி தம் இறுதி 144 நாட்களைக் கழித்த வீடு அது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மாலை, அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த வழியில் காலடிச் சுவடுகளை அமைத்து வைத்திருக்கிறார்கள். அச்சுவடுகளை ஒட்டி நடந்து, அவை நின்றுபோகும் இடத்தை அடையும் சிறுவனுக்கு வரலாற்றை வேறு எவரும் விளக்க வேண்டுவதில்லை. இங்கும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

இன்னும் நேரமிருந்தால், தெற்கு டெல்லியில் கைலாஷ் குடியிருப்புக்குக் கிழக்கே உள்ள சிறு பூங்காவிற்குச் செல்லுங்கள். கட்டட வேலையின்போது 1966இல் வெளிப்பட்ட அசோகரின் பாறைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பிராமி எழுத்துக்களைக் காண வருவோர் மிகச் சிலரே.

மும்பைக்கு வருவோம். தாராவியிலும் சயானிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். சயான் குன்றின்மேல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய கோட்டை இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தாராவிக்கு உள்ளேயே, வீடுகள் நெருங்கிச் சூழ, கருங்கல்லால் ஆன சிறு கோட்டை ஒன்று உண்டு. "காலா கில்லா" என்று மக்கள் அதனைச் சொல்வர். 1737இல் அன்றைய ஆளுநர் அதனைக் கட்டுவித்த செய்தி சுவர்க் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் நிழலில் விளையாடி வளர்ந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்கல்லைப் படித்திருப்பார்கள்?

ஆலைத் தொழிலுக்காகத் தமிழர் பலர் சென்று தங்கிய ஆமதாபாத்திலும் இத்தகைய இடங்கள் உண்டு. 1573இல் முடிந்த சிதி சையது பள்ளிவாசலின் பலகணிகளில், ஒரு மரமும் அதைத் தழுவும் கொடியும் கல்லிலேயே சல்லடையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தெருவில் நின்றே அதனைக் காணலாம். காந்தியடிகள் 1917 முதல் 1930 வரை வாழ்ந்த சபர்மதி ஆசிரமமும் இலவசமே. 1949இல் தொடங்கிய காலிகோ துணிக் காட்சிச் சாலையிலும் கட்டணம் இல்லை. ஆனால் முன்னரே பதிவு செய்துகொண்டவரை மட்டுமே அனுமதிப்பர்.

இனி, தமிழர் தனியே அறிய வேண்டிய ஓர் ஊரைச் சொல்கிறேன். பெங்களூரில் தொம்மலூர் என்னும் பகுதியில் சொக்கப்பெருமாள் கோயில் உள்ளது. அதன் சுவர்களில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. அக்காலத்தில் அங்கே ஆண்ட போசள வீரராமநாதன், திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டவன். 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, கோயில் வாயிலுக்கு இரண்டு நிலைக்கால்களை ஒருவர் அளித்ததைக் கூறுகிறது. போர் வெற்றியோ, பெருங்கொடையோ அன்று; இரண்டு நிலைக்கால்கள்! அதனையும் எழுதி வைத்தார்கள். கோலாரில் உள்ள கோலாரம்மன் கோயிலிலும் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களைக் காணலாம். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்த நம் மக்கள், 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை, அந்தக் கோயிலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே வாழ்ந்தார்கள்.

இதனைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. "பார்த்தாயா, இது நம் மண்" என்று பிள்ளைகளிடம் உரிமை பேசுவதற்காக அக்கற்களைக் காட்ட வேண்டாம். அதே பெங்களூரில், பேகூரில் உள்ள நாகேசுவரர் கோயிலில், 9ஆம் நூற்றாண்டுக் கன்னட வீரக்கல் ஒன்று பெங்களூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். இரு மொழியினரும் ஒரே கோயில்களுக்குக் கொடை அளித்து, ஒரே ஏரிகளில் நீர் பாய்ச்சி, அண்டை அயலாராய் வாழ்ந்த இடம் அது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள். "நாம் இங்கே அயலார்" என்று கூசி வளரும் பிள்ளைக்கும் அது நல்லது. "எல்லாம் நம்முடையதே" என்று வீம்பு பேசும் பிள்ளைக்கும் அது நல்லது.

கட்டணம் உள்ள இடங்களிலும் சலுகைகள் உண்டு. தொல்பொருள் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டும் சான்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள். உலக மரபுச் சின்ன நாளான ஏப்ரல் 18 அன்றும், மரபு வாரம் தொடங்கும் நவம்பர் 19 அன்றும் அண்மை ஆண்டுகளில் அனைவரையும் இலவசமாக அனுமதித்து வருகிறார்கள். மார்ச் 8 அன்று மகளிர்க்கு அச்சலுகை கிடைத்து வருகிறது. மே 18 உலகக் காட்சிச் சாலை நாள். அன்று அரசின் காட்சிச் சாலைகள் பலவும் கட்டணம் வாங்குவதில்லை. தாஜ்மகாலில் ஷாஜகானின் உருஸ் நடைபெறும் மூன்று நாட்களிலும் கட்டணம் நீக்கப்படுகிறது; பிற நாட்களில் மூடியிருக்கும் கீழறையின் உண்மைக் கல்லறைகளையும் அப்போது காணலாம். அந்நாட்கள் இஸ்லாமியப் பஞ்சாங்கத்தின்படி ஆண்டுதோறும் மாறும். எதனையும் புறப்படுமுன் ஒரு முறை விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விடுமுறை நாளையும் மறக்கலாகாது. பெரும்பாலான காட்சிச் சாலைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மகாலுக்கும் ஹைதராபாத்தின் சாலார் ஜங் காட்சிச் சாலைக்கும் வெள்ளிக்கிழமை. பழஞ்சின்னங்கள் பெரும்பாலும் கதிரவன் மறையுமுன் மூடப்படும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் வழிபாட்டு நேரத்தையும் அவ்விடத்து முறையையும் மதித்து நடக்க வேண்டும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒரே நாளில் பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட இரண்டு இடங்களில் அமர்ந்து பார்ப்பது மேல். கட்டணம் இல்லாத இடத்தில் போட்ட பணத்தை மீட்க வேண்டிய அவசரம் இல்லையன்றோ!

கடைசியாக ஒன்று. சீட்டு இல்லாத இடத்தில் பெரும்பாலும் காவலரும் இருப்பதில்லை. சுவரில் பெயரைக் கீறுவதும், கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவதும், படிக்கிணற்றில் குப்பை எறிவதும் இத்தகைய இடங்களிலேயே மிகுதியாக நடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டாண்டுச் சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயினும் பார்ப்பார் இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? பெங்களூரில் ஹெப்பாளப் பகுதியில் கால்வாய் வேலையின்போது 2018இல் வெளிப்பட்ட 8ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, அதன் அருமையை உணர்ந்தவர்கள் இருந்ததால் காப்பாற்றப்பட்டது. அடிக்கடி சிலர் வந்து நின்று பார்க்கும் கல்லை உடைக்க எவரும் எளிதில் துணியார். ஆகவே நீங்கள் சென்று பார்ப்பதே அச்சின்னத்திற்கு ஒரு காவல் ஆகும்.

நேயர்களே, உங்கள் வீட்டிற்கும் ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். அருகில் உள்ள ஏதோ ஒரு பழைய சுவரைக் காட்டி, "இது யார் கட்டியது?" என்று கேட்பார்கள். விடை தெரியாமற்போனால் குற்றம் இல்லை. "வாருங்கள், போய்ப் பார்ப்போம்" என்று அன்றே அழைத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்காதீர்கள்.