கணுக்காலும் மனமும்

டென்னிஸ் என்றவுடன் நம் தமிழ்நாட்டாருக்கு இராமநாதன் கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற அவருடைய ஆட்ட நயத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசைதான். ஆயினும் இன்று நான் பேசவிருப்பது ஜப்பானிய வீராங்கனை நவோமி ஒசாகாவைப் பற்றி. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

சிதம்பரத்தில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு டென்னிஸ் பயிற்றுவித்தவன் நான். கடலூரிலிருந்து நாள்தோறும் காலை ரயிலில் ஒரு மாணவன் வருவான். ஒருமுறை அவனுக்குக் கணுக்கால் பிசகிற்று. மூன்று வாரம் மட்டையைத் தொடக்கூடாதென்று நானே தடுத்தேன். மறு ஆண்டு, கடலூரில் இறுதியாட்டம். முந்தைய நாள் மாலை அவன் வந்து, "பத்து நாளாகத் தூக்கமில்லை, சார். மட்டையைக் கண்டாலே நெஞ்சை அடைக்கிறது. இம்முறை என்னை விட்டுவிடுங்கள்" என்றான். "ஆண்பிள்ளை பேசுகிற பேச்சா இது?" என்று கடிந்து அனுப்பினேன். அவன் ஆடினான், வென்றான். அதன்பின் ஆடுகளத்துக்கு அவன் வரவேயில்லை. தோற்றவன் போவதுண்டு, வென்றவன் ஏன் போனான் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

ஒசாகாவின் வாழ்க்கையே அதை விளக்கிற்று. 2018இல், தம் இருபதாம் வயதில், அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் தாம் சிறு வயது முதல் போற்றிவந்த செரீனா வில்லியம்ஸை 6-2, 6-4 என்ற கணக்கில் வென்றார். நடுவருக்கும் செரீனாவுக்கும் மூண்ட பூசலால் அரங்கமே கூச்சலிட்டது. பரிசு மேடையில் கண்ணீர் விட்டவர் வெற்றி பெற்றவர்! அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டம்; ஒற்றையர் ஆட்டத்தில் ஆசியர் எவரும் அதற்குமுன் எட்டாத உலக முதலிடம். 2020இலும் 2021இலும் மேலும் இரு பெரும் பட்டங்கள்.

2021 மே மாதம், பாரிஸ் நகரப் போட்டியின்போது, பத்திரிகையாளர் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று அறிவித்தார். முதல் ஆட்டத்தில் வென்றவருக்கு 15,000 டாலர் அபராதம். தொடர்ந்தால் நீக்கப்படவும் கூடும் என்ற எச்சரிக்கை வேறு. மறுநாள் அவரே விலகினார். 2018 முதல் மனச்சோர்வால் நெடிது துன்புற்றதை ஒளிக்காமல் எழுதினார்.

பின்னர் அவர் வேண்டியது மிகச் சிறிது: ஆண்டில் சில நாட்கள், காரணம் கூறாமலே, பத்திரிகையாளரைச் சந்திப்பதிலிருந்து விடுப்பு. பணமும் புகழும் பெறுவோர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றனர் சிலர். அதை நான் முற்றிலும் மறுப்பவனல்லன். ஆனால் கணுக்காலின் வீக்கத்தை நாம் கண்ணால் காண்கிறோம். மனத்தின் வீக்கத்தை அவரவர் சொல்லித்தான் அறியவேண்டும். சொன்னவருக்கே தண்டனை என்றால், அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்?

சென்ற மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் பழைய மாணவரைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. அன்று கடிந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ஒசாகாவின் கதையையும் சொன்னேன். "அந்தப் பெண் மறுபடி ஆடினாளா, சார்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆடினாள். ஒரு குழந்தைக்குத் தாயான பின் 2024இல் திரும்பி வந்தாள். 2025இல் அமெரிக்கப் போட்டியின் அரையிறுதி வரை சென்றாள்" என்றேன்.

அவர் தம் வலக்கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.