ராமென் கடையும் சந்தகை நாழியும்

ஜப்பான் நூடுல்ஸ் சூப்பான ராமென்னு சொன்னதும் ஏதோ ராஜா வீட்டுச் சாப்பாடுன்னு நினைச்சுக்கிறோம். மால்ல போடுற விலையும் அப்படி. ஆனா அது கூலிக்காரங்க மதியத்துக்குச் சாப்பிட்டு வளர்த்த சாப்பாடு. வயசும் நூத்துச் சொச்சம்தான்.

சீனாவிலேர்ந்து யோகோகாமா துறைமுகத்துல குடியேறினவங்க கைப்பக்குவம் அது. சுங்க இலாகாவில வேலை பார்த்த ஒசாகி கன்இச்சி, 1910-ல டோக்கியோவோட அசாகுசாவில 'ராய்ராய்கென்'னு கடை போட்டார். சமைக்க யோகோகாமா சீனர்களையே கூட்டிட்டு வந்தார். சினிமாவும் நாடகமும் பார்க்க ஜனம் அலைமோதுற இடம். கடை பிச்சுக்கிட்டுப் போச்சு.

1945-ல ஜப்பான் போர்ல தோத்துச்சு, அரிசி விளைச்சலும் படுத்துருச்சு. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்குச்சு. ஒசாகா கள்ளச்சந்தையில ஒரு கிண்ணம் ராமெனுக்கு ஜனம் குளிர்ல வரிசைகட்டி நின்னதைப் பார்த்தவர் மோமோஃபுகு ஆண்டோ. 1958-ல நூடுல்ஸை எண்ணெயில பொரிச்சு ஈரத்தை எடுத்து, வெந்நீர் ஊத்தினா போதும்னு பாக்கெட்ல போட்டார். 1983-ல இந்தியாவுக்கு மேகி வந்ததும் அந்த வரிசையிலதான்.

ராமெனுக்கு அந்த மஞ்சளும் இழுவையும் எப்படி? ஆப்பசோடாவுக்குப் பங்காளி முறை வர்ற ஒரு கார உப்பைத் தண்ணியில கரைச்சுக் கோதுமை மாவைப் பிசையறாங்க. நம்ம அரிசியில அந்த இழுவை கிடையாது. அதனால நம்ம ஊர் அரிசி நூடுல்ஸான சந்தகைக்கு வேற வழி. இட்லி அரிசியை ஊறவெச்சு ஆட்டி, முதல்ல இட்லித் தட்டுல வேகவெச்சிரணும். சூடு ஆறுறதுக்குள்ள மூணுகால் நாழிங்கிற அச்சுல போட்டுப் பிழியணும். இடியாப்பம் பிழிஞ்சு வேகவைக்கிறது. இது வேகவெச்சுப் பிழியறது. மாவு ஆறிட்டா திருகு நகராது. ஒருத்தர் நாழியை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் மூச்சுப் பிடிச்சுத் திருகணும்.

இவ்வளவு ஆள்கட்டு வேணும்ங்கிறதாலதான் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் மாப்பிள்ளை வந்தா, சொந்தம் வந்தா சந்தகை. ஒரு பக்கம் தேங்காய்ப்பால், ஒரு பக்கம் நாட்டுக்கோழிக் குழம்பு. இட்லியும் பரோட்டாவும் தெருவுக்குத் தெரு கடை பிடிச்சப்ப, இது பெரும்பாலும் வீட்டோடயே நின்னுருச்சு. எனக்கு அதுல வருத்தம்தான்.

இப்ப பிழியறதுக்கு மோட்டார் மெஷின் வந்தாச்சு. ராமென் மேல பாதியா அறுத்து வைக்கிற முட்டைக்கு நாமக்கல்லை விட்டா வேற ஊர் ஏது? சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாராவது மதியச் சந்தகைக் கடை போடுங்க. குழம்பு, அவிச்ச முட்டை, கூலி வேலைக்காரங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை, அது போதும். ஏற்கெனவே அப்படிக் கடை இருந்தா எங்கேன்னு எழுதுங்க, வந்து சாப்பிடுறேன்.