வெறுமையை அளக்கும் அலை

பீப்பாயில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு கோலை உள்ளே விட்டு, நனைந்த மட்டத்தைப் பார்க்கிறோம். பீப்பாய்க்கு அது போதும். நாலைந்து மாடி உயரமுள்ள பெட்ரோல் தொட்டிக்கும், புழுதி பறக்கும் சிமெண்டுக் களஞ்சியத்துக்கும் போதாது. அங்கெல்லாம் கோலின் வேலையை இன்று ரேடார் செய்கிறது.

தொட்டியின் உச்சியில் கருவியைக் கீழ்நோக்கிப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து புறப்படும் நுண்ணலைகள் சரக்கின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகின்றன. அலையின் வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். பத்து மீட்டர் ஆழம் போய்வர அதற்கு ஒரு விநாடியில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். இச்சிறு காலத்தை நேரே அளப்பது அரிது. ஆகவே பல கருவிகள் அலையின் அதிர்வெண்ணைச் சீராக உயர்த்திக்கொண்டே அனுப்புகின்றன. ஆரோகணம் பாடும் வித்துவானின் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் அவர் சற்று மேலே போயிருப்பார் அல்லவா? அந்த வித்தியாசத்தைக் கொண்டு சுவரின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஒலியாலும் இவ்வாறு அளப்பதுண்டு. ஆனால் தில்லியின் குளிர்காலத்து 5 டிகிரிக்கும் கோடையின் 45 டிகிரிக்கும் இடையே காற்றில் ஒலியின் வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு மாறிவிடும்; அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும். ரேடாருக்கு வெயில் ஒரு பொருட்டன்று.

இத்தகைய கருவியின் விளக்கக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கையில் நாம் ஒரு பிழை செய்தோம். மேற்பரப்புக்கு உள்ள தூரம் என்பதைச் சரக்கின் உயரம் என்று எழுதிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பொறியாளர் படித்துவிட்டு, “உங்கள் தமிழை நம்பினால் தொட்டி நிரம்பும்போது காலியாகிறது என்றல்லவா நினைப்பார்கள்?” என்றார். உண்மைதான். ரேடார் அளப்பது சரக்கை அன்று. அதற்கு மேலுள்ள வெறுமையை. தொட்டியின் உயரத்திலிருந்து அதைக் கழித்தே மட்டத்தைக் காண்கிறார்கள். அந்த உயரத்தை மனிதர் தவறாகக் கொடுத்துவிட்டால் அலை என்ன செய்யும்?

மட்டம் தெரியாமற் போனால் விளைவது யாது என்பதை இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு காட்டியது. 2005 டிசம்பர் 11 அதிகாலையில் ஒரு தொட்டியின் மட்டமானி சிக்கி அசையாமல் நின்றது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. தனியே வைத்திருந்த அபாய விசையும் வேலை செய்யவில்லை. வழிந்த பெட்ரோலின் ஆவி வெடித்து 43 பேர் காயமுற்றனர். அது ரேடார் மானி அன்று, அசையும் உறுப்புடையது. ரேடாரில் சிக்கிக்கொள்ள அத்தகைய உறுப்பு இல்லை.

நாம் வசிக்கும் ஆர்.கே.புரத்தில், சேவா பவனில், மத்திய நீர் ஆணையம் இருக்கிறது. ஆறுகளில் அது அமைத்துள்ள தானியங்கி நிலையங்கள் பலவற்றிலும் ரேடாரே நீர்மட்டம் பார்க்கிறது. தொட்டிக்கு உச்சி போல ஆற்றுக்குப் பாலம். நாட்டில் வெள்ள முன்னறிவிப்பு விஞ்ஞான முறையில் 1958-இல் தொடங்கியதே யமுனையின் பழைய ரயில் பாலத்தில்தான். அங்கே அபாய அளவு 205.33 மீட்டர். 1978-இல் ஆறு 207.49 மீட்டரைத் தொட்டது. 2023 ஜூலை 13 அன்று 208.66 மீட்டருக்கு ஏறிற்று. கரையோரத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் சாலைக்கு வந்தன. அந்நாட்களில் நம் குடியிருப்பில் காலையில் எழுந்தவுடன் எல்லோரும் கேட்டது அந்த ஓர் எண்ணைத்தான்.